சார்மாண்டரின் வால் நெருப்பும் திங்கட்கிழமை மூச்சும்: ஒரு நீண்ட இழை

1/
இன்னைக்கு சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. ஒரு குட்டி டிராகனோட வரலாறு சொல்லப் போறேன். பெயர் சார்மாண்டர். போக்கிமான் விளையாட்டில் வருமே, ஆரஞ்சு நிறம், வால் நுனியில் நெருப்பு, அதேதான். உங்க வீட்டுல பத்து வயசுப் பிள்ளை இருந்தா என்னைவிட நல்லாத் தெரியும். இழை கொஞ்சம் நீளம். ஆனா கடைசி வரைக்கும் வாங்க. ஜப்பானில் ஆரம்பிச்சு நம்ம பஞ்சு மில்லில் போய் முடியும்.

2/
சில மாதங்களுக்கு முன்னாடி ஒரு திங்கட்கிழமை ராத்திரி. கிளினிக் மூடப் போற நேரம். ஒரு அம்மா, வயசு 34, பல்லடம் பக்கம் ஒரு ஓ.இ. மில்லில் வேலை. இரண்டு வருசமா என்கிட்ட வர்றவங்க. "வீசிங்" என்று நானே சீட்டில் எழுதி, இன்ஹேலர் கொடுத்து அனுப்பிட்டு இருந்தேன். அன்னைக்கும் நெஞ்சு இறுக்கம், இருமல். கூட அவங்க பையன்.

3/
பையன் போட்டிருந்தது காதர்பேட்டையில் வாங்கின செகண்ட்ஸ் டிஷர்ட். நெஞ்சு முழுக்க சார்மாண்டர். அம்மாவுக்கு நெபுலைசர் ஓடுற நேரத்தில் பேச்சுக் கொடுத்தேன்.

"என்ன கண்ணு இது, ஓணானா?"

அவனுக்குக் கோபம் வந்துருச்சு. "ஓணான் இல்லீங்க டாக்டர், சார்மாண்டர். வால்ல நெருப்பு இருக்குதுல்ல, அது அணைஞ்சா இது செத்துரும். அதனால மழைல நனையக் கூடாதுங்க."

4/
வீட்டுக்குப் போய் இந்தப் பிராணியைப் பற்றிப் படிக்க ஆரம்பிச்சவன், ராத்திரி இரண்டு மணி வரைக்கும் படிச்சேன். படிச்சதைத்தான் உங்களுக்குச் சொல்றேன்.

5/
1996 பிப்ரவரி 27. ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக போக்கிமான் சிவப்பு, பச்சை என்று இரண்டு விளையாட்டுகள் வெளிவந்தன. உருவாக்கியவர் சடோஷி தஜிரி. சின்ன வயசுல வயல்வெளியில் பூச்சி பிடிச்சுத் திரிஞ்சவர். ஊர் நகரமாகி வயல் காணாமப் போனபோது, அந்தப் பூச்சி பிடிக்கிற சந்தோசத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கணும்னு நினைச்சார். அதுதான் போக்கிமானோட விதை. நாம பொன்வண்டைத் தீப்பெட்டியில் வச்சு வளர்த்தோமே, கிட்டத்தட்ட அதே கதை.

6/
விளையாட்டோட தொடக்கத்தில் மூணு பிராணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். அதில் நெருப்புப் பிராணிதான் சார்மாண்டர். வரைந்தவர் அட்சுகோ நிஷிதா என்ற பெண் ஓவியர். மஞ்சள் பிக்காச்சுவை வரைந்தவரும் இவர்தான். சார்மாண்டரின் உயரம் 60 செ.மீ., எடை 8.5 கிலோ. டாக்டர் கணக்கில் சொன்னா, ஒரு ஒன்பது மாசக் குழந்தை எடை.

7/
வளர்ந்து வளர்ந்து கடைசியில் சாரிசார்ட் என்ற இறக்கை வச்ச பெரிய டிராகன் மாதிரி ஆகிடும். வேடிக்கை என்னன்னா, விளையாட்டோட கணக்குப்படி அது டிராகன் வகையே கிடையாது. நெருப்பு, பறத்தல் என்ற இரண்டு வகையில்தான் சேரும். 2013-ல் வந்த விளையாட்டில்தான் அதோட ஒரு வடிவத்துக்கு டிராகன் பட்டம் கிடைச்சது. பார்க்க டிராகன், பதிவேட்டில் இல்லை. நம்ம ஊர்ல சில வியாதிகளுக்கும் இதே நிலைமைதான். அதுக்கு அப்புறம் வர்றேன்.

8/
ஜப்பானிய மொழியில் இதோட பெயர் ஹிடோகாகே. "ஹி" என்றால் நெருப்பு, "டோகாகே" என்றால் பல்லி. நெருப்புப் பல்லி. ஆங்கிலப் பெயரில் கருக்குதல் என்று பொருள்படும் "சார்" என்ற சொல்லும், "சாலமாண்டர்" என்ற சொல்லோட வாலும் ஒட்டியிருக்கு. இந்த சாலமாண்டர் என்ற ஒரு சொல்தான் என்னை இரண்டாயிரம் வருசம் பின்னாடி இழுத்துட்டுப் போச்சு.

9/
சாலமாண்டர் நிஜமான உயிரினம். ஆனா பல்லி இல்லை. தவளை, தேரை குடும்பத்துக்குச் சொந்தம், அதாவது நீரிலும் நிலத்திலும் வாழ்வது. ஈரத் தோல். நம்ம தமிழ்நாட்டில் கிடையாது. இந்தியாவில் பார்க்கணும்னா டார்ஜிலிங், சிக்கிம் பக்கம் போகணும். ஐரோப்பாவில் கருப்பு உடம்பில் மஞ்சள் திட்டோட ஒரு வகை உண்டு.

10/
அது ஈரமான பழைய மரக்கட்டைக்குள்ள ஒளிஞ்சு கிடக்கும். குளிர்காலத்தில் அந்தக் கட்டையை எடுத்து அடுப்பில் போட்டா, சூடு தாங்காம வெளியே ஓடி வரும். பார்த்தவன் என்ன நினைப்பான்? "நெருப்புக்குள்ள இருந்து ஒரு பல்லி வருதுடோய்!" இப்படித்தான் அந்த நம்பிக்கை பிறந்திருக்கணும்னு சொல்றாங்க. பாவம், அது உயிர் பிழைக்க ஓடுது. இவங்க அதை நெருப்புக்கு ராஜா ஆக்கிட்டாங்க.

11/
அரிஸ்டாட்டில், சாலமாண்டர் நெருப்பில் நடந்தா நெருப்பு அணையும்னு எழுதியிருக்கார். ரோமில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, அது பனிக்கட்டி மாதிரி குளிர்ச்சி, தொட்டாலே தீ அணையும்னார். ஆனா அதே பிளினி இன்னொரு இடத்தில், அப்படியெல்லாம் அணையாதுன்னு ஒருத்தர் மறுக்கிறதையும் பதிவு பண்ணியிருக்கார். ஃபார்வர்டு மெசேஜ் அனுப்பிட்டு, கீழேயே "இது பொய்னும் சொல்றாங்க"ன்னு போடுற மாமா மாதிரி.

12/
பதினாறாம் நூற்றாண்டில் நம்ம தொழில்காரர் ஒருத்தர் உள்ள வர்றார். பாராசெல்சஸ், மருத்துவர். நிலம், நீர், காற்று, நெருப்பு நாலுக்கும் ஒவ்வொரு வகை உயிர் உண்டு, நெருப்பில் வாழ்வது சாலமாண்டர்னு எழுதி வச்சார். அதே நூற்றாண்டில் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா தன் சின்னமாகவே தீக்குள் இருக்கிற சாலமாண்டரை வச்சுக்கிட்டார். ஷம்போர் அரண்மனையில் இன்னைக்கும் கல்லில் செதுக்கி இருக்கும். படத்தைப் பாருங்க, அச்சு அசல் குட்டி டிராகன்.

13/
சரி, இதுக்கும் பனியன் ஊருக்கும் என்ன சம்பந்தம்? இங்கதான் கதையில் துணி வருது.

பழைய காலத்தில் ஒரு அதிசயத் துணி இருந்தது. அழுக்கானா தண்ணியில் துவைக்க வேண்டாம். நெருப்பில் போட்டா போதும், அழுக்கு எரிஞ்சு போய் துணி வெள்ளை வெளேர்னு வரும். பிளினியே விருந்து மேசைகளில் இப்படிக் கைத்துணிகளைத் தீயில் போட்டதைப் பார்த்ததா எழுதுறார். அரசர்களோட உடலை எரிக்கும்போது சாம்பல் விறகுச் சாம்பலோட கலக்காம இருக்க, இந்தத் துணியில் சுற்றுவாங்களாம்.

14/
அந்த நூல் எங்க கிடைக்கும்னு பிளினி சொல்றார் தெரியுமா? இந்தியாவில்! மழையே பெய்யாத பாலைவனத்தில், கொடிய பாம்புகளுக்கு நடுவுல வளரும் செடின்னு நினைச்சார். வெயிலில் எரிஞ்சு எரிஞ்சு பழகினதால் நெருப்பு அதை ஒண்ணும் பண்ணாதாம். இந்தியாக்காரன் பெயரைச் சொன்னா எதையும் நம்பின காலம்.

15/
சுமார் 1165-ல் ஐரோப்பா முழுக்க ஒரு கடிதம் சுற்றியது. கிழக்கே இந்தியாக்களை ஆளும் பிரெஸ்டர் ஜான் என்ற கிறிஸ்தவப் பேரரசர் எழுதினதாம். அப்படி ஒரு அரசரே கிடையாது, போலிக் கடிதம். அதில் ஒரு செய்தி: எங்க நாட்டில் நெருப்பில் வாழும் சாலமாண்டர் என்ற புழுக்கள் உண்டு, அவை பட்டுப்புழு மாதிரி கூடு கட்டும், அந்தக் கூட்டில் நூல் எடுத்து நெய்த துணியை நெருப்பில்தான் துவைப்போம்.

உடுமலைப் பக்கம் பட்டுக்கூடு விவசாயம் பண்றவங்க இதைப் படிச்சா சிரிப்பாங்க. ஆனா ஐரோப்பா நம்பியது. பல்லி, புழு, நூல் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து "சாலமாண்டர் கம்பளி" ஆகிப் போச்சு.

16/
சீனாவில் இதே துணிக்குப் பெயர் "நெருப்பில் துவைத்த துணி". அங்கே கதை வேற. நெருப்பு மலையில் வாழும் எலியோட முடியில் நெய்ததாம். ஜப்பானின் பழைய மூங்கில் வெட்டுபவர் கதையில் ககுயா என்ற இளவரசி, கல்யாணம் பண்ணிக்க வந்த ஒருத்தர்கிட்ட "நெருப்பு எலியின் அங்கி கொண்டு வா" என்பாள். அவர் பெரிய பணம் கொடுத்து வாங்கிட்டு வருவார். நெருப்பில் போட்டுப் பார்த்தா எரிஞ்சு சாம்பலாகும். டூப்ளிகேட் பீஸ்!

17/
போக்கிமான் ரசிகர்களுக்கு ஒரு கொசுறு. 1999-ல் வந்த அடுத்த விளையாட்டில் சின்டாக்வில் என்ற நெருப்புப் பிராணி வரும். ஜப்பானில் அதோட வகைப் பெயர் "நெருப்பு எலி". ஆக, ஒரே துணிக்கு மேற்கே சொன்ன கதை நெருப்புப் பல்லி, கிழக்கே சொன்ன கதை நெருப்பு எலி. இரண்டும் ஒரே விளையாட்டில் குட்டி குட்டிப் பிராணிகளா ஓடிட்டு இருக்கு.

18/
உண்மையை உடைச்சது மார்கோ போலோ. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் தன் பயண நூலில், சாலமாண்டர் என்பது மிருகமே இல்லைன்னார். மலையில் வெட்டி எடுக்கிற ஒரு தாது. காய வச்சு, இடிச்சு, கழுவினா கம்பளி மாதிரி இழை இழையா வரும். அதை நூற்று, நெய்து, தீயில் போட்டு வெளுப்பாங்க. சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு துருக்கியர் சொன்னதா பெயரோட எழுதியிருக்கார். நேரில் பார்த்தவன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட செய்தி.

19/
அந்தத் தாது என்னன்னு இதுக்குள்ள கண்டுபிடிச்சிருப்பீங்க. ஆஸ்பெஸ்டாஸ். கல்நார்.

கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு "அணைக்க முடியாதது"ன்னு அர்த்தம். ஏதென்ஸ் கோவிலில் எரிஞ்ச பொன்விளக்குக்கு, எரிஞ்சு தீராத ஒரு வகை நாரில் திரி போட்டிருந்ததா பயணி பௌசானியாஸ் எழுதுறார். ஒரு தடவை எண்ணெய் ஊற்றினா ஒரு வருசம் எரியுமாம். அந்தத் திரி கல்நார்தான்னு பொதுவா நம்பப்படுது. நம்ம சோழர் கோவில்களில் நந்தா விளக்கு எரிக்க 90 ஆடு, 96 ஆடுன்னு எழுதி வச்சாங்க. ஆடு நெய் கொடுத்தது. யாரையும் கொல்லலை.

20/
மார்கோ போலோ சொல்லியும் பெயர் மாறலை. 1725-ல் 19 வயசுப் பையன் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் காசில்லாம அலைஞ்சபோது, அமெரிக்காவில் இருந்து கொண்டு வந்த கல்நார்ப் பணப்பையை ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவருக்கு விற்றார். கடிதத்தில் அவர் குறிப்பிடும் உள்ளூர்ப் பெயர் என்ன தெரியுமா? "சாலமாண்டர் பருத்தி". அந்தப் பை இன்னும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கு.

பருத்தி! இந்தச் சொல்லை மனசுல வச்சுக்கங்க.

21/
அதுவரைக்கும் அதிசயப் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி இயந்திரம் வந்ததும் அவசியப் பொருள் ஆச்சு. சூடு தாங்கும் துணி, கயிறு, உறை எல்லாம் வேணும். இங்கிலாந்தின் லங்காஷயரில் ராச்டேல் என்று ஒரு ஊர். பருத்தி ஊர், நம்ம திருப்பூர் மாதிரி. ஏற்கெனவே நூற்கத் தெரிஞ்ச கைகள், ஓடிட்டிருந்த மிஷின்கள். பஞ்சுக்குப் பதிலா கல்நாரைப் போட்டாங்க. அவ்வளவுதான் மாற்றம்.

22/
அந்த ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பொண்ணு. 1903-ல் 12 வயசில் பஞ்சு மில் வேலைக்குப் போனாங்க. சில மாதங்களில் கல்நார் மில். நூற்கிற வேலை. முப்பது வயசு ஆகும்போதே மூச்சு வாங்க ஆரம்பிச்சது. உள்ளூர் டாக்டர் "கல்நார் நஞ்சு"ன்னு சான்றிதழ் எழுதினார். அப்படி ஒரு வியாதி எந்தப் பட்டியலிலும் இல்லைன்னு கம்பெனி இழப்பீடு தர மறுத்துருச்சு.

1924 மார்ச் 14-ல் இறந்தாங்க. வயசு 33. பெயர் பொறிக்காத ஏழைக் கல்லறை.

23/
வில்லியம் குக் என்ற நோயியல் மருத்துவர் அவங்க நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உள்ளே கல்நார்த் துகள்கள். அதே வருசம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 1927-ல் அந்த வியாதிக்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர் வந்தது. 1931-ல் பிரிட்டன் தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் கொண்டு வந்தது.

சொன்னேனே, பதிவேட்டில் இல்லாத டிராகன். இதுதான். பட்டியலில் பெயர் ஏறுறதுக்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது. இத்தனைக்கும் 1898-லேயே லூசி டீன் என்ற தொழிற்சாலை ஆய்வாளர் இந்தத் தூசி ஆபத்துன்னு அறிக்கை எழுதியிருந்தார். யாரும் கண்டுக்கலை.

24/
இடையில் ஒரு பொய்யை உடைச்சிடறேன். "கல்நார் நெய்த அடிமைகளுக்கு நுரையீரல் நோய் வந்ததை பிளினி அன்றே சொன்னார்"னு நிறையப் பேர் எழுதுறாங்க. தப்பு. முகத்தில் தோல்பை கட்டி வேலை பார்த்தவங்களைப் பற்றி அவர் எழுதியது செந்நிறத் தாதுப் பொடி வேலையைப் பற்றி. கல்நாரைப் பற்றி இல்லை.

ஆனா பிளினிக்கே சுவாசக்குழாய் பலவீனம் இருந்ததா அவர் தங்கை மகன் எழுதியிருக்கார். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடிச்சபோது, புகைக்கு நடுவுல மூச்சு அடைச்சு செத்துப் போனார். நெருப்பு அணைக்கும் பல்லியைப் பற்றி எழுதினவர்!

25/
அப்புறம் வந்தது இன்னும் மோசம். 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் குழு, நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயை கல்நாரோடு இணைத்துக் காட்டியது. சுரங்க வேலை பார்த்தவங்க மட்டும் இல்லை, சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவங்களுக்கும் வந்தது. தூசி உள்ளே போய் 20, 30, 40 வருசம் கழிச்சுத்தான் வியாதி வெளியே தெரியும்.

சார்மாண்டர் பிறந்த ஜப்பானிலும் 2005-ல் அமகசாகி நகரில், பழைய கல்நார்த் தொழிற்சாலையைச் சுற்றி வாழ்ந்த சாதாரண மக்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது தெரிஞ்சு நாடே அதிர்ந்தது. அடுத்த வருசமே பெரும்பாலும் தடை செஞ்சாங்க. 2012-ல் முழுத் தடை.

26/
இந்தியாவில்? 1995-ல் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் ஆரோக்கியம் அவனோட வாழ்வுரிமையில் அடங்கும்னு சொல்லி, கல்நார்த் தொழிலாளர்களோட மருத்துவப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருசம் பாதுகாக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனா வெள்ளைக் கல்நாரை இன்னும் வெளிநாட்டில் இருந்து பெருமளவு இறக்குமதி பண்ணிட்டு இருக்கோம். எதுக்கு? அண்ணாந்து பாருங்க. சிமெண்ட் சீட் கூரை.

27/
நம்ம ஊர் லைன் வீடுகளில் நிறைய அந்தக் கூரைதானே. பயப்படாதீங்க, முழுசா இருக்கிற சீட்டுக்குக் கீழ படுத்துத் தூங்கினா உடனே ஒண்ணும் ஆகாது. நார் சிமெண்டுக்குள்ள கட்டுண்டு கிடக்கு. ஆபத்து எப்பன்னா, அறுக்கும்போது, ஓட்டை போடும்போது, உடைக்கும்போது, பழசாகி உதிரும்போது.

அறுக்கணும்னா தண்ணி ஊற்றி நனைச்சு அறுங்க. முகத்துக்குக் கல்நார்த் தூசியைத் தடுக்கும் தகுந்த சுவாசக் கவசம் போடுங்க. உடைஞ்ச துண்டைப் பிள்ளைங்க விளையாட விடாதீங்க. தூளைக் காய்ஞ்ச விளக்குமாற்றால் கூட்டாதீங்க, ஈரத்துணியில் துடைச்சு எடுங்க. புதுசா கூரை போடுறவங்க முடிஞ்சா வேற பொருளுக்கு மாறுங்க.

28/
சரி. இப்ப அந்த அம்மாகிட்ட திரும்பி வருவோம். அவங்க நெஞ்சுல கல்நார் இல்லை. அவங்க வேலை வேற பருத்தியில், நிஜப் பருத்தியில்.

அன்னைக்கு நெபுலைசர் முடியும்போது பையன் சாதாரணமா ஒண்ணு சொன்னான். "அம்மாக்கு திங்கக்கெழமைன்னாலே இப்படித்தானுங்க டாக்டர். ஞாயித்துக்கெழம நல்லா இருக்கும், என் கூட விளையாடும்."

எனக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியலை.

29/
ஏன்னா இது எங்க பாடப்புத்தகத்தில் இருக்கு. பிசினோசிஸ். பஞ்சுத் தூசி நோய். "திங்கட்கிழமைக் காய்ச்சல்"னே செல்லப் பெயர். வார லீவு முடிஞ்சு முதல் நாள் மில்லுக்குள்ள போனதும் நெஞ்சு இறுகும். செவ்வாய், புதன் ஆக ஆகக் குறையும். அதனால தொழிலாளியும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. வருசங்கள் போகப் போக எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிடும். அதுக்கு அப்புறம் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது.

30/
காரணம் பருத்தி இழையைவிட, அதோட சேர்ந்து வரும் இலைத்தூள், காய்த்தோல், அதில் இருக்கிற பாக்டீரியாவின் நச்சு. புளோ ரூம், கார்டிங் பகுதிகளில் தூசி அதிகம். பனியன் கட்டிங் வேஸ்ட்டைக் கிழிச்சு மறுபடி பஞ்சாக்கி நூல் எடுக்கும் ஓ.இ. மில்களில் சொல்லவே வேண்டாம். நெய்து, சாயம் போட்டு, துவைச்ச பனியனைப் போடுறதால் யாருக்கும் ஒண்ணும் வராது, அதைக் குழப்பிக்காதீங்க.

31/
இந்த வியாதி 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட பட்டியலிலேயே இடம் பிடிச்சது. இ.எஸ்.ஐ. சட்டப் பட்டியலிலும் பருத்தித் தூசி நுரையீரல் நோய் இடம் பிடிச்சது. நெல்லி கெர்ஷாவுக்குப் பட்டியலில் இடம் இல்லாதது பிரச்சினை. நம்ம ஊர்ல பட்டியல் இருக்கு. சீட்டில் எழுத வேண்டிய டாக்டர்தான் எழுதலை. அந்த டாக்டர் நான்தான்.

32/
1700-ல் இத்தாலிய மருத்துவர் ராமசினி தொழில் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஹிப்பாகிரட்டஸ் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோட இன்னொண்ணு சேர்த்துக்கங்கன்னார்: "நீங்க என்ன வேலை செய்றீங்க?" அதே புத்தகத்தில் சணல் சிக்கெடுக்கிறவங்களோட இருமலையும் எழுதியிருக்கார்.

நான் வேலையைக் கேட்டேன். "மில் வேலைங்க" என்றாங்க. சரின்னு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். மில்லில் எந்த இடம், எந்தக் கிழமை கஷ்டம்னு கேட்கலை. இரண்டு வருசம். ஒரு பத்து வயசுப் பையன் கிழமையைக் கவனிச்சிருக்கான்.

33/
ஊதிப் பார்க்கும் சின்னக் கருவி ஒண்ணைக் கொடுத்து, வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஊதி எழுதி வரச் சொன்னேன். திங்கள் காலை 340, சாயங்காலம் 260. வியாழக்கிழமை அவ்வளவு இறக்கம் இல்லை. ஞாயிறு 350. நோட்டில் பையன்தான் எழுதியிருந்தான். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வாலும், அதில் பெரிசா சின்னதா நெருப்பும் வரைஞ்சிருந்தான்.

34/
"வேலைய உட்ருன்னு மட்டும் சொல்லிராதீங்க டாக்டர். வாரக்கூலி நின்னா வாடகை யாருங்க தருவாங்க?" என்றாங்க. நியாயம்தானே. விடச் சொல்லலை. சீட்டில் வியாதியோட பெயரையும், தூசி இல்லாத பகுதிக்கு மாற்றும்படியும் எழுதிக் கொடுத்தேன். இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும் அனுப்பினேன். மூணு வாரம் இழுத்தடிச்சு, கோன் பேக்கிங்குக்கு மாற்றினாங்க. இப்போ திங்கட்கிழமை பரவாயில்லை. ஆனா மாடிப்படி ஏறினா இன்னும் மூச்சு வாங்குது. போனதில் எவ்வளவு திரும்பி வரும்னு என்னால உறுதி சொல்ல முடியலை. அந்த இரண்டு வருசம் என் கணக்கில்தான் இருக்கு.

35/
போக்கிமான் கார்ட்டூனில் 1997-ல் வந்த பதினோராவது பாகம் சார்மாண்டர் பற்றியது. அதை வளர்த்தவன் "இங்கயே இரு, வர்றேன்"னு பொய் சொல்லி ஒரு பாறை மேல விட்டுட்டுப் போயிடுவான். மழை கொட்டும். வால் நெருப்பு சுருங்கிச் சுருங்கிப் போகும். அது நகராது. நம்பிக் காத்திருக்கும். வழியில் பார்த்த பசங்கதான் தூக்கிட்டு ஓடி ஆஸ்பத்திரியில் சேர்ப்பாங்க.

மூச்சு குறையுதுன்னு தெரிஞ்சும், சம்பளம் போயிடும்னு புளோ ரூமில் நின்னுட்டு இருக்கிறவங்க எத்தனை பேர்னு யோசிச்சுப் பாருங்க.

36/
கடைசியா, மில் வேலை பார்க்கிறவங்களுக்கு:

• லீவு முடிஞ்ச முதல் நாள் நெஞ்சு இறுகுதா, இருமல் அதிகமாகுதான்னு கவனிங்க. உங்க லீவு வேற கிழமைன்னா அதுக்கு அடுத்த நாள்.
• டாக்டர்கிட்ட போனா, அவர் கேட்காட்டியும் சொல்லுங்க: எந்த மில், எந்தப் பகுதி, எத்தனை வருசம், எந்தக் கிழமை கஷ்டம்.
• வேலை முடிச்சு ஏர் பைப்பால் உடம்புல பஞ்சை ஊதாதீங்க. அந்தத் தூசி அத்தனையும் மூக்குக்குத்தான் வரும்.
• கர்சீப் போதாது. என்-95 கேளுங்க.
• பீடி, சிகரெட் வேண்டாம். தூசியோட சேர்ந்தா இரட்டைக் கேடு.
• இ.எஸ்.ஐ. கார்டு இருந்தா பயன்படுத்துங்க. அது உங்க சம்பளத்தில் பிடிச்ச பணம்.

37/
மில் நடத்துற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தூசி உறிஞ்சும் கருவியோட பில்டரை மாதா மாதம் பாருங்க. புளோ ரூமில் ஒரே ஆளை வருசக்கணக்கா நிறுத்தாதீங்க. வருசம் ஒரு தடவை எல்லாரையும் ஊதிப் பார்க்கிற பரிசோதனை பண்ணுங்க. உங்க ஊர்க்காரங்க, உங்க ஆளுங்க.

38/
போன வாரம் அந்தப் பையன் வந்தான், அவனுக்குச் சாதாரணக் காய்ச்சல். அதே டிஷர்ட், பிரிண்ட் வெளுத்துப் போச்சு. சாலமாண்டர் கதையை முழுசாச் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு, "அப்ப நெசமாலுமே நெருப்புல எரியாத துணி இருந்துச்சுங்களா?" என்றான்.

இருந்துச்சு கண்ணு. துணி எரியலை. நெய்தவங்கதான்.

அக்கம்பக்கம் மில்லுக்குப் போறவங்க இருந்தா இந்த இழையைப் படிச்சுக் காட்டுங்க. அடுத்த திங்கட்கிழமை அவங்ககிட்ட ஒரு தடவை கேளுங்க, மூச்சு எப்படி இருக்குன்னு.